பிளாக் ரிவர் காட்டில் குடும்பத்தோடு நடக்க: முதலில் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

மொரிஷியஸில் குடும்பமாகக் காட்டுநடைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் அது இரண்டாவது கேள்வி. மேலிருந்து தொடங்குகிறோமா, கீழிருந்தா என்பதுதான் முதல் கேள்வி. ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் சிரித்துக்கொண்டே வண்டிக்குத் திரும்புவதும், பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க மேடேறி வருவதும் பெரும்பாலும் இந்த ஒரு முடிவைப் பொறுத்தது.

இடத்தின் அமைப்பே அதற்குக் காரணம். 1994-இல் அறிவிக்கப்பட்ட இது, தீவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 6,574 ஹெக்டேர். நடுத்தீவின் மேட்டுநிலம் தென்மேற்கில் சட்டென்று அறுபட்டு, ஆழமான பள்ளத்தாக்குகளாக மேற்குக் கரையை நோக்கி இறங்குகிறது. மேட்டில், 600 மீட்டருக்கு மேல், பெத்ரேன் தகவல் மையம். பள்ளத்தாக்கின் அடியில், கிரான்ட் ரிவியேர் நுவார் ஊரிலிருந்து உள்ளே வந்தால், ஆற்றோரத்தில் இன்னொரு மையம். கோர்ஜஸ் மையம் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது செங்குத்தான காட்டுச் சரிவு.

சாதாரண மலையில் காலையில் தெம்போடு ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். இங்கே மேட்டு விளிம்பிலிருந்து தொடங்கினால் எல்லாம் தலைகீழ். பிள்ளைகள் முதல் ஒரு மணி நேரம் ஓடியே இறங்குவார்கள். யாருக்கும் களைப்பு தெரியாது, தண்ணீர்கூடக் கேட்கமாட்டார்கள். ஏற்றம் வருவது வெயில் உச்சியில் நிற்கும்போது, சாப்பிட்ட வயிற்றோடு. "இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் போவோம்" என்ற எண்ணம் வருகிற இடம்தான் திரும்ப வேண்டிய இடம்.

ஆகவே எங்கள் முதல் அறிவுரை: எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், அல்லது மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால், மேட்டையும் கோர்ஜஸ் மையத்தையும் இணைக்கும் பாதைகளைத் தொடவே வேண்டாம். பெத்ரேனிலிருந்து மக்காபே வழியாகக் கீழே இறங்கும் 10 கிலோமீட்டரும், மேட்டுச் சாலையிலுள்ள பிளேன் ஷம்பாஞ்சிலிருந்து இறங்கும் பாரகீட் பாதையின் 8 கிலோமீட்டரும் வரைபடத்தில் குட்டையாகத் தெரிகின்றன. இரண்டிலும் ஒரே மூச்சில் பல நூறு மீட்டர் இறக்கம். பாரகீட் பாதையில் வேர்ப்படிகளும் சேறும் மாறி மாறி வரும். இறக்கத்தில் மூச்சு வாங்காது. அடி வாங்குவது முழங்கால். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழு எடையும், அதற்கு மேலும், ஒற்றைக் காலில் விழுகிறது. பெரியவர்கள் அன்றைக்குச் சமாளித்துவிடுவார்கள். மறுநாள் காலையில் வீட்டு மாடிப்படியில் இறங்க முடியாது. போதாததற்கு, ஒருவழி நடையென்றால் கீழே இன்னொரு வண்டி நிற்க வேண்டும். மேட்டையும் பள்ளத்தையும் இணைக்கும் சாலை மலையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

எந்த வயதுக்கு எந்தப் பாதை

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும், நடை குறைந்த தாத்தா பாட்டிகளுக்கும் பெத்ரேனில் தகவல் மையத்தை ஒட்டியிருக்கும் பலகைப் பாதையே போதும். குட்டை மரங்களும் தாழைப் புதர்களும் நிறைந்த ஈரநிலத்தின் வழியாக மரப்பலகை மேலேயே போகலாம். கால் சேற்றில் படாது. ஈரமான நாளில் பலகை வழுக்கும். அங்கே ஓடக்கூடாது என்பது ஒன்றுதான் விதி. அதே நாளில் வண்டியில் பிளேன் ஷம்பாஞ் சாலையில் தொடர்ந்து போய், அலெக்சாந்திரா அருவிப் பார்வைமேடையும் கோர்ஜஸ் பார்வைமேடையும் பார்த்துவிட்டால் அரை நாள் நிறைவாகப் போய்விடும். இரண்டுக்கும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான்.

ஐந்து முதல் எட்டு வயது வரை சிறந்தது கோர்ஜஸ் மையத்திலிருந்து ஆற்றோரமாக உள்ளே போகும் அகலமான தடம். ஏற்றம் மிகக் குறைவு, நிழல் நிறைய, ஆற்றுச் சத்தம் கூடவே வரும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் போய், கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அளவான நடை. தடம் குறுகிச் செங்குத்தாக எழ ஆரம்பித்தால் அங்கிருந்து மக்காபே அல்லது பாரகீட் ஏற்றம் தொடங்குகிறது என்று பொருள். அந்த இடத்தில் திரும்பிவிடலாம்.

பெத்ரேனிலிருந்து மக்காபே காட்டுக்குள் போகும் வழி நாங்கள் மிகவும் விரும்புவது. ஜீப் போகும் அளவுக்கு அகலமான மண்பாதை. சிறு ஏற்ற இறக்கம் இருந்தாலும் பெரிய சரிவு இல்லை. முழுச் சுற்று 14 கிலோமீட்டர். பத்து வயதுக்குக் கீழே யாருக்கும் அது தேவையில்லை. மக்காபே பார்வைமேடை வரை போயே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் இது எல்லா வயதுக்கும் ஏற்ற பாதையாகிவிடும். ஒன்றரை மணி நேரம் உள்ளே, ஒன்றரை மணி நேரம் வெளியே. எங்கே போய்ச் சேர்ந்தாலும் சரி. காடு இருப்பது வழி நெடுக. பார்வைமேடையில் கிடைப்பது பள்ளத்தாக்கின் காட்சி மட்டும், அதைப் பிளேன் ஷம்பாஞ் சாலையோரத்திலேயே பார்த்துவிடலாம்.

சவான் பாதை 6 கிலோமீட்டர் போக வர, சுலபமானது. முடிவில் தெற்குக் கரை தெரியும். மார் லோங் நீர்த்தேக்கம் 12 கிலோமீட்டர். பத்து வயதுக்கு மேல் சரி. பெல் ஓம்ப்ர் 18 கிலோமீட்டர்; அது வளர்ந்தவர்களின் நடை.

தீவின் மிக உயரமான சிகரமான பித்தோன் டி லா பெத்தித் ரிவியேர் நுவார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 828 மீட்டர் என்றதும் சிலர் பயப்படுகிறார்கள், சிலர் அலட்சியப்படுத்துகிறார்கள். பாதை தொடங்குவதே ஷமரேல் போகும் மேட்டுச் சாலையிலிருந்து என்பதால் மொத்த ஏற்றம் குறைவு. பெரும்பகுதி முகட்டின் மேல் சாதாரண நடை. ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து. வேரையும் கட்டியிருக்கும் கயிற்றையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். காய்ந்த நாளில் பத்து வயதுப் பிள்ளை மகிழ்ச்சியாக ஏறிவிடும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அந்தச் சிவப்பு மண்ணில் பெரியவர்களே உட்கார்ந்தபடி சறுக்கி வருவார்கள். காட்டில் கட்டியிருக்கும் எந்தக் கயிற்றிலும் முழு எடையையும் போடக்கூடாது. எப்போது கட்டியது, முடிச்சு எந்த நிலையில் இருக்கிறது என்பது பிடிக்கிறவருக்குத் தெரியாது. கயிறு நிதானத்துக்கு, எடை காலில். கீழே வருகிறவர்கள் மேலே இருப்பவருக்கு நேர் அடியில் நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும், கல் உருளும்.

ஆன்றியேத்தா பக்கம் உள்ள ஏழு அருவிகளையும் சிலர் குடும்ப நடை என்று நினைத்து வருகிறார்கள். அது பூங்காவுக்கு வெளியே இருக்கிறது. குடும்ப நடையும் இல்லை. அருவிக்கு அருவி இறங்குவது பாசி படிந்த பாறையில். சிறு பிள்ளைகளோடு அங்கே இறங்கவே வேண்டாம்.

நேரம், வேகம், திரும்பும் கணக்கு

தனியாக நடக்கிறவர் அகலமான காட்டுப்பாதையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போகலாம். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் குழு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை. செங்குத்தான சேற்று இறக்கத்தில் ஒன்றுகூடத் தேறாது. பலகையில் எழுதியிருக்கும் நேரம் நல்ல நடையாளர்களுக்கானது. பிள்ளைகள் இருந்தால் அதோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமமான பாதையில் கையிலிருக்கும் நேரத்தில் பாதி முடிந்ததும் திரும்ப வேண்டும். மேலிருந்து இறங்கும் பாதையென்றால் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்ப வேண்டும்; மீதி இரண்டு பங்கு ஏற்றத்துக்கு. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே எல்லோர் காதிலும் விழச் சொல்லி, ஒருவர் கைபேசியில் மணி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "அந்த வளைவு வரை", "அந்த மரம் வரை" என்று நீண்டுகொண்டே போகும்.

ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கின் அடியில் மலை மறைப்பதால் நாலரைக்கே மங்கல். காட்டுக்குள் கண் பழகுமுன் இருட்டிவிடும். மூன்றரைக்கு மேல் எந்தக் குடும்பமும் வண்டியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கக்கூடாது. வாசல் மூடும் நேரம் நுழைவிடப் பலகையில் இருக்கும்; உள்ளே போகும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்றால் மே முதல் நவம்பர் வரை. அதிலும் செப்டம்பர், அக்டோபர் சிறந்தவை. ஆண்டிலேயே மழை குறைவான நாட்கள், புரட்டாசிக் கோவிந்தன் விரதம் இருக்கும் வீடுகளுக்கும் காட்டுநடைக்கான சைவச் சாப்பாடு கட்டுவதில் சிரமம் இல்லை. தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரியில் வெயிலும் புழுக்கமும் மழையும் சேர்ந்து வரும், புயல் காலமும் அதுதான். காவடி விரதத்தில் இருப்பவர்கள் உடம்பை அப்போது காட்டில் வருத்த வேண்டாம். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் பெத்ரேன் பக்கமே போகாதீர்கள். கங்கா தலாவ் புனித ஏரிக்கு நடந்து போகும் லட்சக்கணக்கான பக்தர்களும் காவடிகளும் அந்தச் சாலையில்தான் போகிறார்கள். வண்டி நகராது, நகர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையில்லை.

கடற்கரையில் வெயில் அடிப்பதைப் பார்த்து மேட்டின் வானிலையை முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் வியர்க்கும் காலையில் பிளேன் ஷம்பாஞ்சில் சாரலும் மூடுபனியும் இருக்கும். நான்கைந்து டிகிரி குறைவாகவும் இருக்கும். ஜூலையில் நனைந்த சட்டையோடு அங்கே காற்றில் நிற்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் உதடு நடுங்கத் தொடங்கும். கொதிக்கும் ஊரிலிருந்து கிளம்பினாலும் ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

ஆறு

பள்ளத்தாக்கு நடையில் பயப்பட வேண்டியது ஆற்றுக்குத்தான். மழை பெய்வது மேட்டில், தண்ணீர் வருவது பள்ளத்தில். கோர்ஜஸ் மையத்தில் நீல வானம் இருக்கும்போதே மேலே ஒரு மணி நேரம் கொட்டியிருக்கலாம். காலையில் கணுக்கால் அளவு நனைந்து தாண்டிய இடத்தில், திரும்பும்போது இடுப்பளவு ஓடும்.

முன்னறிகுறிகள் தெளிவானவை. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். காய்ந்த இலையும் குச்சியும் கூட்டமாக மிதந்து வரும். சத்தம் தடிக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளை ஆற்றிலிருந்து வெளியேற்றி, வண்டி நிற்கும் கரைக்கு உடனே போய்விடுங்கள். ஓடும் தண்ணீர் பெரியவரின் முழங்காலுக்கு வந்துவிட்டால் தாண்டக்கூடாது. அந்த ஆழம் ஒரு குழந்தைக்கு இடுப்பு, அந்த வேகத்தில் நிற்க முடியாது. இந்த ஆறுகள் குட்டையானவை. ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்யும். மேடான இடத்தில் காத்திருப்பதே சரி. இதற்காகத்தான் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறோம்.

தாண்டும்போது காலணியைக் கழற்றவே கூடாது. பசால்ட் கல்லில் படிந்த பாசி வெறும் காலுக்கு எண்ணெய் மாதிரி. காலணி நனைந்தால் நனையட்டும், காலுறை மாற்றிக்கொள்ளலாம். காலில் புண்ணோ வெட்டோ இருக்கும் பிள்ளையைத் தேங்கிய தண்ணீரில் விளையாட விடாதீர்கள், ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு.

கொய்யாக் காலம்

மார்ச் முடிந்து ஏப்ரல் வந்தால் மேட்டுக்காடு முழுக்கச் சீனக் கொய்யா சிவக்கத் தொடங்கும். ஜூன் ஜூலை வரை இருக்கும். கோயாவியே என்று இங்கே சொல்லும் இந்தக் கொய்யாவைப் பறிக்கப் போவது இங்கே குடும்ப வழக்கம். உப்பு, மிளகாய், புளி சேர்த்துக் குலுக்கிச் சாப்பிடும் அந்த ருசிக்காகவே நடக்க வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பருவத்தில்தான் வழி தவறிப்போகிறவர்களும் அதிகம்.

காரணம் புரிந்தால் தப்பிக்கலாம். கொய்யாப் புதர் ஆளுயரத்துக்கு மேல், நெருக்கமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்கிறது. பழம் பறிக்கிறவர் பாதையைப் பார்ப்பதில்லை. அடுத்த கிளையைப் பார்க்கிறார். இருபது அடி உள்ளே போய் இரண்டு முறை திரும்பினால் திசை போய்விடும். முன்பு பறிக்க வந்தவர்கள் மிதித்த சிறு வழிகள் குறுக்கும் நெடுக்கும் கிடப்பதால், பாதை என்று நம்பி நடப்பது இன்னும் உள்ளேதான் கொண்டுபோகும். மூடுபனி வந்தால் பத்தடியில் இருப்பவரும் தெரியமாட்டார்.

நாங்கள் கடைப்பிடிப்பவை இவை. ஒரு பெரியவர் பறிக்காமல் பாதையிலேயே நிற்பார், அவர்தான் நங்கூரம். பிள்ளைகள் அவரைப் பார்க்கும் தூரத்தைத் தாண்டக்கூடாது. எல்லோர் கழுத்திலும் விசில். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள், சும்மா ஊதினால் விசில் பறிபோகும். சட்டை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். பச்சையும் பழுப்பும் வேண்டாம். வழி தவறியது தெரிந்ததும் அந்த இடத்திலேயே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், தேடி நடக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். நகராத பிள்ளையைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இதே புதரில்தான் மஞ்சள் குளவி கூடு கட்டுகிறது. மூஷ் ஜோன் என்றால் இங்கே யாருக்கும் தெரியும். கூடு இலைக்கு அடியில், பெரும்பாலும் இடுப்பு அல்லது மார்பு உயரத்தில், அதாவது பிள்ளையின் முக உயரத்தில் தொங்கும். கையில் குச்சி கிடைத்ததும் செடிகளை அடித்துக்கொண்டே நடப்பது பிள்ளைகளின் இயல்பு. குளவி கொட்டுவது அப்படித்தான் நடக்கிறது. குச்சி தரையைத் தொடலாம், இலையைத் தொடக்கூடாது என்று ஒரே விதி வையுங்கள். கொட்டிவிட்டால் கையை வீசாமல், வந்த வழியே முப்பது மீட்டர் விரைவாகப் பின்வாங்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைத்து, வயதுக்கேற்ற அளவில் ஒவ்வாமை மருந்து கொடுங்கள். அளவை மருந்துக்கடையில் முன்பே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ காத்திருக்காமல் 114-ஐ அழையுங்கள். போலீஸ் 999. பள்ளத்தாக்கின் அடியில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் அதிகம் என்பதால், குளவிக் கடிக்கு முன்பு மோசமாக வீங்கியவர்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களைச் சாலைக்கு அருகிலுள்ள பாதைகளுக்கு மட்டும் கூட்டிப்போங்கள்.

குரங்குகள் பார்வைமேடைகளில்தான் தொல்லை, காட்டுக்குள் விலகிப்போகும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு அவற்றுக்கு மணியோசை. உணவைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் நடக்கக்கூடாது. பறித்துவிட்டால் திரும்ப இழுக்கக்கூடாது. கடி அங்கேதான் விழும். பல்லைக் காட்டிச் சிரித்துப் படம் எடுப்பதும் அவற்றுக்கு மிரட்டலாகப் படும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் நாம் காட்டில் பயப்படுகிற பாம்பு இங்கே இல்லை. ஆளைக் கொல்லும் நச்சுப்பாம்போ, பெரிய ஊனுண்ணியோ இல்லாத காடு இது. தாத்தாக்கள் தைரியமாக மர நிழலில் உட்காரலாம்.

பையில் என்ன

தண்ணீர்: குளிர்காலத்தில் பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டரை, பிள்ளைக்கு முறையே முக்கால், ஒன்றரை. வழியில் நம்பிக் குடிக்கத் தண்ணீர் எங்கும் இல்லை. பிள்ளையின் பை அந்தப் பிள்ளையின் எடையில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது: அரை லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, விசில். மீதி பெரியவர்கள் சுமக்க வேண்டும். குடை வேண்டாம், ஒரு கையை எடுத்துக்கொள்ளும், கிளையில் மாட்டும். போன்ச்சோ நல்லது.

சாப்பாட்டில் டோல் பூரிக்கு இணை இல்லை. ஆனால் குரோ ப்வா என்ற பெரிய அவரைக் கறியைக் காலையிலேயே உள்ளே வைத்துச் சுருட்டினால் இரண்டு மணி நேரத்தில் பூரி ஊறிக் கிழிந்துவிடும். பூரியைத் துணியில் அல்லது வாழையிலையில் மடித்து, கறியைக் கெட்டியாக வற்றவைத்துத் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே சுருட்டுங்கள். சூடாகவே பிளாஸ்டிக்கில் கட்டினால் ஆவியிலேயே நைந்துபோகும். கேட்டோ பிமா என்ற மிளகாய் வடை வைத்த ரொட்டி இன்னும் சுலபம். அவித்த நிலக்கடலை உப்பும் தெம்பும் சேர்ந்தது; முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு பிடி. பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் களைப்பால் இல்லை, பசியால். பசி வந்தபின் கொடுத்தால் அடுத்த அரை மணிக்கு அது காலுக்கு வராது. அதனால் கேட்பதற்கு முன்பே கொடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பிளாஸ்க் வெனிலாத் தேநீர்.

காலணிதான் செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள். அடியில் பல் ஆழமாக உள்ளதாக இருக்கட்டும். கான்வாஸ் ஷூவும் தேய்ந்த ஓட்டக் காலணியும் இந்தச் சிவப்பு மண்ணில் இரண்டாவது நிமிடமே வழுவழுப்பாகிவிடும். இறக்கத்தில் கால் முன்னுக்குச் சறுக்குவதால் பெருவிரலுக்கு முன்னே ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். கறுத்து விழும் நகங்கள் பெரும்பாலும் வெட்டாத நகங்கள்தான். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துக் கொப்புளம் உண்டாக்கும். மாற்று ஜோடி அவசியம். பாட்டிக்கு ஒரு ஊன்றுகோல் இல்லை, இரண்டு. இறக்கத்தில் முழங்கால் சுமையைத் தோள் பகிர்ந்துகொள்ளும்.

கழிப்பறை மையங்களில் மட்டும்தான். சிறு பிள்ளைகளைக் கிளம்பும் முன் போகச் சொல்லுங்கள். காட்டில் அவசரம் வந்தால் தண்ணீரிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மூடுங்கள். காகிதம் பையோடு திரும்பட்டும்.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது

"நடந்தது போதும்" என்ற குரலை அடக்க நல்ல வழி, கண்ணுக்கு வேலை கொடுப்பது. இந்தக் காட்டில் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்ல நிறைய உண்டு. பெத்ரேனில் நிற்கும் வாக்குவா நம் தாழையின் உறவு. வாக்குவா ஊரின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். தத்தமக்கா மரம் புன்னைக்குச் சொந்தம். மக்காக் மரம் மகிழத்துக்குச் சொந்தம். டச்சுக்காரர்கள் வெட்டி ஏற்றிப்போன கருங்காலியின் மிச்சம் மக்காபே பக்கம் நிற்கிறது. தீவின் பூர்வீகக் காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அதில் பெரும்பங்கு இந்தப் பூங்காவில்தான். சங்கப் பாட்டில் வரும் குருக்கத்திக் கொடியும் இங்கே உண்டு. ஆனால் இங்கே அது மரங்களின் மேல் படர்ந்து அமுக்கும் அந்நியக் களை. ருசியான சீனக் கொய்யாவும் அப்படியே: அதன் நிழலில் பூர்வீக மரத்தின் கன்று எழும்பாது. வேலி போட்டுக் களையெடுத்த பகுதியையும், வேலிக்கு வெளியே கொய்யா மூடிய பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வேலிக்கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். மானும் பன்றியும் ஒரே இரவில் கன்றுகளை மேய்ந்துவிடும்.

பறவைக்குக் காலை ஏழு முதல் ஒன்பது வரை. 1974-இல் காட்டில் நான்கே நான்கு மொரிஷியஸ் வல்லூறுகள் இருந்ததாகக் கணக்கு. இளஞ்சிவப்புப் புறாவும் 1990-களின் தொடக்கத்தில் காட்டில் பத்து அளவுக்குக் குறைந்துபோய் மீண்டது. அந்தப் புறா பெத்ரேன் சுற்றுவட்டத்தில் சற்றும் அஞ்சாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும். எக்கோ கிளியைப் பார்க்க மக்காபே பாதை நல்லது. இந்தியப் பச்சைக்கிளியும் இங்கே குடியேறியிருப்பதால் குழப்பம் வரும்: எக்கோ கிளியின் பச்சை அடர்த்தி, வால் குட்டை, பெண்கிளியின் அலகு கருப்பு. பார்வைமேடையில் நின்றால் பள்ளத்தாக்கின் நடுவே நீண்ட வாலோடு வெள்ளையாகப் பறப்பது பாய் ஆன் கியூ என்ற கடற்பறவை. குரங்குக்கும் பறவைக்கும் எதையும் போடக்கூடாது. ஆரஞ்சுத் தோலும் குப்பைதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சுற்றியுள்ள தனியார் நிலங்களில் மான் வேட்டை நடக்கும். வெடிச்சத்தம் கேட்டால் பதறத் தேவையில்லை, ஆனால் பாதையை விட்டு விலகவோ வேலி தாண்டவோ கூடாது.

கிளம்பும் முன் எந்தப் பாதை, எந்த வாசல், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் இருப்பவருக்கு அனுப்பிவிடுங்கள். "கோர்ஜஸ் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் தேட வருகிறவர் எந்த வாசலில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார். வண்டியில் பையும் கைபேசியும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். திரும்பியதும் காலணியின் அடிச்சேற்றை அங்கேயே குச்சியால் சுரண்டிவிட்டு வண்டியேறுங்கள்; கொய்யா விதை அந்தச் சேற்றில்தான் அடுத்த காட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் பயணப்படுகிறது. வீட்டில் உள்ளடியைக் கழற்றி, செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காய வையுங்கள். அடுப்புக்கு அருகிலோ நேர் வெயிலிலோ வைத்தால் பசை விட்டு, அடுத்த நடையில் ஆற்றின் நடுவே அடிப்பாகம் கழன்று வரும்.